செங்காந்தளின் கிழங்குக் கணக்கு

ஐப்பசி பிறந்துவிட்டால் செங்காந்தள் செய்தியில் அடிபடத் தொடங்கிவிடும். மாநில மலர் அழிகிறது என்று ஒரு பக்கம். கண்வலி விதைக்கு விலை இல்லை என்று விவசாயிகள் வருத்தப்படுவதாக இன்னொரு பக்கம். கிழங்கைத் தின்றவர் மருத்துவமனையில் என்று ஓரமாக நான்கு வரி. மூன்றும் ஒரே செடியைப் பற்றியவை என்பதே பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களுக்கோ வேறு குழப்பம்: ஏக்கர் கணக்கில் விளையும் ஒன்று எப்படி அழியும்?

இந்த மூன்று செய்திகளும் ஒரே இடத்தில், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில், வந்து சேர்கின்றன. அதை விளங்கிக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும்.

எந்தச் செடி இது?

தாவரவியல் பெயர் குளோரியோசா சூப்பர்பா. 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர். முன்பு அல்லிக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். இப்போது கோல்சிகேசியே என்ற தனிக் குடும்பத்தில் வைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா, இலங்கை வழியாகத் தென்கிழக்கு ஆசியா வரை இயற்கையாக வளர்கிறது. ஜிம்பாப்வேக்கு இது தேசிய மலர்.

தமிழில் பெயருக்குப் பஞ்சமில்லை. காந்தள், செங்காந்தள், கார்த்திகைப்பூ, கண்வலிப்பூ என்பவை பூவை வைத்து வந்தவை. கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு என்பவை கிழங்கை வைத்து. குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 பூக்களில் முதலில் நிற்பது இதுதான். பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்ற நம்பிக்கையில் ‘கண்வலி’ ஒட்டிக்கொண்டது. பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. வாயில் போட்டால்தான் ஆபத்து.

வறண்ட, வெயில் விழும் திறந்த நிலம் இதற்குப் பிடிக்கும். செம்மண் சரளை, மணற்பாங்கான கரை, முட்புதர், வேலியோரம் ஆகிய இடங்களில் பார்க்கலாம். அடையாளம் காண நான்கு குறிகள் போதும்:

1. இலைக்குக் காம்பு இல்லை. ஈட்டி போல நீண்டு, நுனி கம்பிபோல மெலிந்து சுருளும். அந்தச் சுருள்தான் பற்றுக்கம்பி. தண்டு எதையும் சுற்றாது. இலை நுனிதான் பிடித்துக்கொண்டு ஏறும்.
2. பூ தலைகீழாகத் தொங்கும். ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடிந்து நிற்கும். விளிம்பு நெளிநெளியாக இருக்கும்.
3. ஒரே பூ பச்சையில் தொடங்கி, மஞ்சளாகி, மஞ்சளும் சிவப்புமாகி, முழுச் சிவப்பாக முடியும். ஒரே கொடியில் மூன்று நிறப் பூக்களைப் பார்த்துவிட்டு மூன்று வகை என்று நினைத்துவிடக் கூடாது.
4. காயாக மாறும் சூலகத்தின் நுனியிலிருந்து சூல்தண்டு சட்டென்று செங்கோணமாக மடங்கிப் பக்கவாட்டில் நீளும். வேறு பூக்களில் இதை எளிதில் பார்க்க முடியாது. ஏன் இப்படி என்பது கீழே வரும்.

மண்ணுக்குள் நடப்பது

மேலே தெரியும் கொடிக்கு ஆயுள் ஏழெட்டு மாதம்தான். மழைக்கு முளைத்து, ஐப்பசி கார்த்திகையில் பூத்து, தை மாசியில் காய் முற்றியதும் காய்ந்து மடங்கிவிடும். கோடையில் அந்த இடத்தைப் பார்த்தால் வெறும் சரளை. செடி செத்துவிட்டது என்று நினைப்போம். உள்ளே கிழங்கு உறங்கிக்கொண்டிருக்கும்.

கிழங்கு பார்ப்பதற்கு ஏர்க்கலப்பை மாதிரி இருக்கும்: இரண்டு விரல்கள் ஒரு முனையில் சேர்ந்து கவைபோல விரிந்திருக்கும். ஒவ்வொரு விரலின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். உருளைக்கிழங்கில் உடம்பெல்லாம் கண் இருக்கும். எங்கே வெட்டி நட்டாலும் முளைக்கும். இதில் நுனி ஒடிந்தால் அந்த விரல் அவ்வளவுதான். தின்னவும் ஆகாது, நடவும் ஆகாது. நுனியோ மிக நொய்மையானது. கடப்பாரை பட்டால் மட்டுமல்ல, சாக்கில் போட்டு உலுக்கினாலே ஒடிந்துவிடும்.

மழை வந்ததும் முளைக்கண்ணிலிருந்து கொடி எழும். அதன் அடியில் புதிய கவை உருவாகும்; பழைய கிழங்கு சத்தைக் கொடுத்துவிட்டுச் சுருங்கிப்போகும். ஆக, இது பல்லாண்டுச் செடி என்றாலும் ஆண்டுதோறும் கிழங்கு புதிது. ஒரு விரல் நட்டால் நல்ல ஆண்டில் இரண்டு விரல். பெருக்கத்தின் வேகம் இவ்வளவுதான். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

விதை வழி இன்னும் மெதுவானது. முளைப்பதற்கே வாரங்கள், சில சமயம் மாதங்கள். முளைத்த முதல் ஆண்டில் கிழங்கு நிலக்கடலை அளவுக்குத்தான் வரும். பூக்க மூன்று, நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

கோல்சிசின்: மருந்தும் நஞ்சும் ஒன்றுதான்

செடி முழுக்க, வேர் முதல் விதை வரை, கோல்சிசின் என்ற ஆல்கலாய்டு வகை வேதிப்பொருள் இருக்கிறது. கிழங்கைவிட விதையில் அதிகம். இந்தச் செடியை யாராவது பணம் கொடுத்து வாங்குகிறார்கள் என்றால் இதற்காகத்தான்.

உடலில் ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்ல மெல்லிய நுண்குழல்கள் தோன்றும். கோல்சிசின் அந்தக் குழல்களைக் கட்டவிடாமல் தடுத்துவிடும். செல் பாதியில் நிற்கும். இந்த ஒரே செயலிலிருந்து வெவ்வேறு விளைவுகள் பிறக்கின்றன.

மருத்துவத்தில்: அழற்சியைக் கிளப்பும் வெள்ளணுக்களின் நடமாட்டத்தை மட்டுப்படுத்துவதால் கீல்வாத வலிக்குப் பழங்காலத்திலிருந்தே இந்த மருந்து உண்டு. 2023 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 0.5 மில்லிகிராம் கோல்சிசின் மாத்திரையை இதயநோய் அபாயத்தைக் குறைக்க அனுமதித்தது. விதையிலுள்ள இன்னொரு பொருளான கோல்சிகோசைடிலிருந்து தயோகோல்சிகோசைடு என்ற தசைத்தளர்வு மருந்து செய்கிறார்கள். முதுகுவலிக்கு எழுதித் தரும் பல மாத்திரைகளில் இது இருக்கும்.

பயிர் ஆராய்ச்சியில்: பாதியில் நின்ற செல்லில் குரோமோசோம்கள் இரட்டித்துவிடும். 1937 முதல் தாவர ஆராய்ச்சியாளர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். விதையில்லாத் தர்ப்பூசணிக்குப் பின்னால் இந்த உத்திதான் இருக்கிறது.

நஞ்சாகும்போது: உடலில் வேகமாகப் பிரியும் செல்கள் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் முதல் அடி. குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை, முடிவேர். நோய்க்குறிகள் வரும் வரிசையும் இதையொட்டியே:

1. முதல் 24 மணி நேரம்: வாய், தொண்டை எரிச்சல், வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு, உடலில் நீர் வற்றுதல்.
2. இரண்டாம் நாள் முதல் ஒரு வாரம்: இரத்த அணுக்கள் சரிவு, சிறுநீரகம், கல்லீரல், இதயம் பாதிப்பு. உயிர் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.
3. பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்து முடி கொட்டும், பிறகு வளர்ந்துவிடும்.

அளவைப் பாருங்கள். கீல்வாதத் தாக்குதலுக்கு மருத்துவர் தரும் அளவு 1.2 மில்லிகிராம், ஒரு மணி நேரம் கழித்து 0.6, மொத்தம் 1.8. உடல் எடையில் கிலோவுக்கு 0.8 மில்லிகிராமைத் தாண்டினால் பிழைப்பது அரிது என்பார்கள். அதற்கு வெகு கீழேயே இறப்புகள் நிகழ்ந்திருக்கின்றன. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி அவ்வளவு குறுகல். இதற்கு எளிதில் கிடைக்கும் முறிமருந்து எதுவும் இல்லை. வேகவைத்தால் போய்விடும் என்பதும் தவறு. சமையல் சூட்டில் கோல்சிசின் அழியாது.

தவறுதலாகத் தின்பது பெரும்பாலும் வள்ளிக்கிழங்கு, சர்க்கரைவள்ளி என்று நினைத்துத்தான். காட்டு வள்ளிக்கொடியில் தண்டே மரத்தைச் சுற்றும். இலை இதய வடிவில், அடியிலிருந்து பல நரம்புகள் ஓடும். காந்தளில் தண்டு சுற்றாது, நரம்புகள் நீளவாக்கில் இணையாக ஓடும், இலை நுனி சுருண்டிருக்கும். கொடி காய்ந்த கோடையில் இந்த அடையாளம் எதுவும் இருக்காது என்பதால், கவைபோலப் பிரிந்த கிழங்கு எதையும் தின்னாமல் இருப்பதே சரி. யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். மீதிக் கிழங்கைக் கையோடு கொண்டுபோக வேண்டும். வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது, சரியாகிவிட்டது என்று இரண்டாம் நாள் வீட்டுக்குக் கிளம்புவது பெரிய தவறு. மேலே சொன்ன இரண்டாம் கட்டம் அப்போதுதான் தொடங்கும்.

சித்த மருத்துவத்தில் இக்கிழங்கைச் சுத்தி செய்து பயன்படுத்தும் முறைகள் உண்டு. அது பயின்றவர்கள் வேலை. காணொளி பார்த்துச் செய்யும் வேலை இல்லை.

வயலில் எப்படி விளைகிறது

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரங்களிலும், வேதாரண்யம், ஜெயங்கொண்டம் பக்கங்களிலும் இதைப் பயிராகச் செய்கிறார்கள். வடிகாலுள்ள செம்மண்ணும் மணற்பாங்கான மண்ணும் ஏற்றவை. களிமண்ணில் தண்ணீர் நின்றால் ஒரே வாரத்தில் கிழங்கு அழுகும்.

1. ஆடியை ஒட்டி நடவு. 50 முதல் 60 கிராம் எடையுள்ள, நுனி ஒடியாத கிழங்கைப் பூஞ்சணக்கொல்லிக் கரைசலில் நனைத்து எடுத்து, தொழு உரம் இட்ட சாலில் படுக்கவைத்து மூடுகிறார்கள். எடை குறைந்த கிழங்கும் முளைக்கும். அந்த ஆண்டு பூக்காது.
2. கொடி ஏற ஆதாரம். கிளுவை அல்லது விராலிக் குச்சிகளை வரிசையாக ஊன்றிக் கம்பி இழுப்பார்கள். ஆதாரம் தாமதமானால் இலை நுனிகள் பக்கத்துக் கொடியையே பிடித்துக்கொண்டு எல்லாம் ஒரு சிக்கலாகிவிடும். பிரித்தால் ஒடியும், பிரிக்காவிட்டால் பூவுக்குக் கை போகாது.
3. பூச்சி, நோய். கறுப்பு உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளியிட்ட லில்லிப் புழு இலையை மொட்டையடித்துவிடும். அடைமழையில் இலைக்கருகல் வரும்.
4. நட்டதிலிருந்து ஐந்தாறு மாதத்தில் அறுவடை. காயின் தோல் சுருங்கத் தொடங்கும்போது பறித்து நிழலில் உலர்த்தி, உடைத்து, ஆரஞ்சுச் சிவப்பு விதைகளைப் பிரித்து மறுபடி உலர்த்துகிறார்கள். முழுக்கக் காயவிட்டால் காய் செடியிலேயே வெடித்து விதை சிதறிவிடும்.

கொடி காய்ந்தபின் நீர் பாய்ச்சலை நிறுத்திக் கிழங்கை உறங்கவிட்டால் அதே வயலில் சில ஆண்டு தொடர்ந்து விளையும்.

பூ நிறைய, காய் குறைவு

மகசூலைத் தீர்மானிப்பது உரமோ நீரோ அல்ல, காலை வேளையின் கைவேலைதான். சூல்தண்டு செங்கோணமாக மடங்கி நிற்பதைச் சொன்னோம். அது நீண்டு நிற்கும் திசையில் தன் பூவின் மகரந்தப்பைகள் எட்டாது. தன் மகரந்தம் தன்மேல் விழாமலிருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு. காட்டில் பூவைச் சுற்றிப் பறக்கும் வண்ணத்துப்பூச்சியின் இறக்கையில் மகரந்தம் ஒட்டி, அடுத்த பூவின் சூல்தண்டு நுனியான சூல்முடியில் உரசும். அதற்குத் தக்க அளவில்தான் பூவின் கைகால்கள் விரிந்திருக்கின்றன.

வயலில் ஆயிரக்கணக்கான பூக்கள் ஒரே சமயத்தில் விரியும்போது அத்தனைக்கும் பூச்சிக்கு எங்கே போவது? லில்லிப் புழுவுக்கு அடித்த மருந்து இருக்கிற வண்ணத்துப்பூச்சியையும் விரட்டிவிடும். அதனால் ஆள் வைத்து, காலை வெயில் ஏறுமுன், ஒரு பூவின் மகரந்தத்தைத் தூரிகையாலோ பஞ்சாலோ எடுத்து இன்னொரு பூவின் மூன்றாகப் பிளந்த சூல்முடியில் தடவுகிறார்கள். பூக்கும் காலம் முழுக்க, தினமும்.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கின்றன. முழுச் சிவப்பான பூவே அழகு என்று அதில் தடவுவது முதல் தவறு. சூல்முடி மகரந்தத்தை ஏற்பது பூ விரிந்த புதிதில், மஞ்சள் மாறாத பூவில். இரண்டாவது, பக்கத்துக் கொடியிலிருந்தே மகரந்தம் எடுப்பது. ஒரே தாய்க்கிழங்கிலிருந்து பிரிந்தவை அடுத்தடுத்து நட்டிருந்தால் அது தன் மகரந்தச் சேர்க்கைக்குச் சமம். சில வரிசை தள்ளி எடுப்பது நல்லது.

விலை ஏன் ஆடுகிறது

விதையை உள்ளூரில் உண்பவர் யாருமில்லை, சந்தையில் சில்லறை விற்பனை இல்லை, குறைந்தபட்ச ஆதரவு விலையும் இல்லை. வாங்குவது சாறு பிரிக்கும் நிறுவனங்கள். இடையில் சில வியாபாரிகள். கிலோ ஆயிரத்துச் சொச்சத்துக்கும் போயிருக்கிறது, மூவாயிரத்தைத் தாண்டியும் போயிருக்கிறது. வாங்குபவர் கை குறைவு என்றால் விலை சொல்பவரும் அவரே.

தேவையைத் தீர்மானிப்பதோ தொலைதூர மருத்துவ முடிவுகள். 2013 நவம்பரில் ஐரோப்பிய மருந்து ஆணையம், வாய்வழியாக எடுக்கும் தயோகோல்சிகோசைடை ஏழு நாளுக்கு மேல் தரக் கூடாது என்று வரம்பு விதித்தது. அதன் சிதைபொருள் குரோமோசோம் எண்ணிக்கையைக் குலைக்கலாம் என்ற அச்சம் காரணம். இப்படி ஒரு தாள் எங்கோ வெளியானால் மூலனூரில் மூட்டையைக் கட்டி வைத்திருப்பவருக்கு அது சேதியாக வருவதில்லை, விலையாகத்தான் வரும்.

அப்படியானால் அழிவது எது?

இப்போது கிழங்குக் கணக்குக்கு வருவோம். 60 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்தால் ஏக்கருக்குச் சுமார் 15,000 கிழங்கு. ஒன்று 50 முதல் 60 கிராம் என்றால் 750 முதல் 900 கிலோ. முதலாண்டுச் செலவில் பெரும்பங்கு இதற்கே போகிறது. பெருகும் வேகமோ ஆண்டுக்கு அதிகபட்சம் இரண்டு மடங்கு.

விதை விலை ஏறும் ஆண்டில் எல்லோரும் பரப்பைக் கூட்ட நினைப்பார்கள். வயலில் அத்தனை விதைக்கிழங்கு இருக்காது. பற்றாக்குறையை நிரப்ப எளிய வழி காட்டிலும் வேலியிலும் தோண்டுவது. பயிராகச் செய்தால் காட்டுச் செடி தப்பும் என்பது பொதுவாக உண்மை. விதையை விற்று, கிழங்கைத் தானே பெருக்கிக்கொள்ளும் வயலுக்கு அது பொருந்தும். விலை எகிறி விதைக்கிழங்குக்கு ஆள் தேடும் ஆண்டில் அதே பயிர் காட்டுச் செடிக்கு எமனாகிவிடும். காட்டில் விதையைப் பறித்தால் அந்த ஆண்டின் குட்டிகள்தான் போகும். கிழங்கைத் தோண்டினால் தாயும் போகும், நுனி ஒடிந்து பாதி நடவுக்கும் ஆகாமல் போகும். காப்புக்காட்டில் அனுமதியின்றித் தோண்டுவது வனச்சட்டப்படி குற்றமும்கூட.

அழிவுக்கு இன்னொரு காரணம் உண்டு. அது செய்தியில் வருவதில்லை. கொங்கு நாட்டின் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை முள்வேலி இருக்கும். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமரமும். ஆடுமாடு வாய் வைக்காத அந்த முள்ளுக்குள்தான் காந்தள் பாதுகாப்பாக ஏறிப் பூத்தது. வேலியைப் பொக்லைனால் பிடுங்கிக் கல்தூணும் கம்பியும் நட்ட இடங்களில் அதோடு கிழங்கும் போயிற்று. வயலில் காந்தளைத் தாங்க இன்று ஊன்றுவதும் அதே கிளுவைதான்.

அருகிவரும் உயிரினங்களை மதிப்பிடும் உலக அளவிலான செம்பட்டியலில் இது ‘கவலை குறைந்த’ இனம். பல நாடுகளில் பரவியிருப்பதால் அந்த மதிப்பீடு சரியே. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் தோட்டத்திலிருந்து தப்பிப் பரவி, பிடுங்க முடியாத களையாகவே ஆகிவிட்டது. அங்கே களை, இங்கே அருகும் செடி: இரண்டும் பொய்யில்லை. ஓர் இனம் உலகிலிருந்து மறைவது வேறு, ஒரு வட்டாரத்து வேலியிலிருந்து மறைவது வேறு. நம் செய்திகள் ‘அழிவின் விளிம்பு’ என்று எழுதும்போது இந்த வேறுபாட்டை விட்டுவிடுகின்றன.

வளர்க்க விரும்பினால்

காட்டிலிருந்து ஒரு கிழங்குகூடத் தோண்ட வேண்டியதில்லை. வயல்காரரிடம் விதைக்கிழங்கு வாங்கலாம். பொறுமை இருந்தால் விதையிலிருந்தே எழுப்பலாம்.

1. புது விதையை மணலோடு தேய்த்துச் சிவப்புச் சதையை நீக்கி, ஒரு நாள் நீரில் ஊறவைக்க வேண்டும். கையுறை அவசியம், அந்தக் கையால் வாயைத் தொடக் கூடாது.
2. மணல் மிகுந்த கலவையில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி ஈரம் காக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாம் முளைக்காது. ஒன்று வந்து மூன்று வாரம் கழித்து அடுத்தது வரும். முளைக்கவில்லை என்று தட்டைக் கவிழ்த்துவிடாதீர்கள்.
3. தொட்டிக்கு ஓரடி ஆழம் வேண்டும். அடியில் துளை தாராளமாக இருக்கட்டும்.
4. இலை மஞ்சளானதும் நீரை நிறுத்திவிட வேண்டும். புதிதாக வளர்ப்பவர்கள் கிழங்கைக் கொல்வது இங்கேதான்: வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுவார்கள், உறங்கும் கிழங்கு அழுகும்.
5. குழந்தைகளும் ஆடுமாடும் எட்டாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். தொட்டியில் பெயரை மட்டும் எழுதாமல் ‘நஞ்சுக்கிழங்கு’ என்றும் எழுதி வைப்பது நல்லது. பங்குனியில் மேலே ஒரு இலைகூட இருக்காது. வெறும் மண் தொட்டி என்று யாரேனும் கிளறி, உள்ளே கிடைத்ததைச் சமையலறைக்கு எடுத்துப்போய்விடக் கூடும்.